என் சாவு நோட்டீஸில் நான் போடச் சொன்ன புள்ளி

தாரந்தோ,
அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை.

கடல் தாண்டி புவெனஸ் ஐரிஸில் இருக்கும் என் மூத்த அக்கா பிலோமேனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தம்பி கத்தால்தோ பெலூஸோ உயிரோடிருந்து எழுதச் சொல்வது என்னவென்றால்:

நான் சுகம். கடிதம் எழுதுகிற எல்லாரும் முதல் வரியில் இதைப் போடுகிறார்கள். கேட்கிறவர்கள் அதைத் தாண்டிக்கொண்டு விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். நீ தாண்டாதே. இந்தக் கடிதத்தில் இதுதான் விஷயம். வியாழக்கிழமை நம் சித்தப்பா மகன் அவசரப்பட்டு உங்கள் வீட்டுக்குப் போன் போட்டு நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை நானே போட்டேன். உனக்குத்தான் காது கேட்காதே, மருமகள் கிளாரா எடுத்தாள், ‘மாமா உயிரோட இருக்காராம் அத்தை’ என்று உன் காதில் கத்தினாள், அது எனக்கே கேட்டது. நீயோ, ‘எனக்கு ஆறுதல் சொல்லப் பாக்குற, நல்ல பொண்ணு’ என்று சொல்லிவிட்டு முன்னைவிடப் பலமாக அழ ஆரம்பித்தாயாம். ஆகையால் சாட்சியோடு எழுதுகிறேன். உனக்குப் பத்து வயது, எனக்கு ஐந்து. புனித யோசேப்பு திருநாளுக்காக அம்மா ஒளித்து வைத்திருந்த பாதாம் உருண்டைகளில் பதினொன்றைத் தின்றுவிட்டுப் பூனைமேல் பழி போட்டாய். பூனை பாதாம் தின்னாது என்று அம்மா சொன்னதும் என்மேல் போட்டாய். அடி நான் வாங்கினேன். அன்றும் ஒரு வியாழக்கிழமை, வெளியே நல்ல மழை. செத்தவனாயிருந்தால் இதை மன்னித்திருப்பான். நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆகவே உயிரோடுதான் இருக்கிறேன்.

இதை எழுதுகிற கை வீத்தோவுடையது. வழக்கமாக என் கடிதங்களை உனக்கு எழுதித் தருகிற பாதிரியாரிடம் போகவில்லை. அவர் எழுதினால் வரிக்கு வரி ஆண்டவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார், நான் சொல்ல வந்த சங்கதிக்கு நிற்க இடமிருக்காது. வீத்தோ, நம் தாக்வீனோ வீதி முனையில் அச்சகம் வைத்திருக்கிற ஆள். கிழவர் பஸ்குவாலே ஓய்வெடுத்துக்கொண்டதும் கடையை மருமகனிடம் கொடுத்தார், அந்த மருமகன்தான் இவன். பிரிண்டிசி ஊர்க்காரன், நமக்கு வெளியாள். வந்து ஐந்து மாதம். என்னைக் கொன்றவனும் இவன்தான், அதனால் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். (இங்கே வீத்தோ சொல்வது: அம்மா, நான் கொல்லவில்லை. மேலே கேளுங்கள்.)

ஆரம்பம் நீதான் அக்கா, கோபப்படாதே. போன மாதம் நீ எழுதச் சொன்ன கடிதத்தில், தாத்தா கத்தால்தோ பெலூஸோ போய் அக்டோபர் எட்டோடு ஐம்பது வருஷம் ஆகிறது, தாக்வீனோ வீதியில் மிம்மோ காபிக் கடைக்கு எதிர்ப் பலகையில் கறுப்புக் கரை போட்ட நினைவஞ்சலி நோட்டீஸ் ஒட்டு, சாயங்காலம் உலாத்துகிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷமாவது அவரை நினைக்கட்டும் என்று கேட்டிருந்தாய். கடிதம் கப்பலிலே தூங்கித் தூங்கி ஒன்பதாம் தேதிதான் வந்து சேர்ந்தது. ஒரு நாள் தாமதம். பாதிரியார் அதைப் படித்துக் காட்டிய சூட்டோடு, தாத்தாவின் போட்டோவை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினேன். தாத்தா பேர்தான் எனக்கும். தாத்தாவின் பட்டப்பெயர் ‘ஏழுகயிறு’ம் சொத்தோடு சொத்தாக எனக்குத்தான் வந்தது, ஒரே காலையில் சிப்பி வளர்ந்து தொங்கும் ஏழு கயிறுகளைத் தனியாளாகத் தண்ணீரிலிருந்து இழுத்தவர் அவர், நான் நாலுக்கு மேல் இழுத்ததில்லை, தெருவுக்கு அது தெரியாது. மூக்கும் அவர் மூக்கு, மீசையும் அவர் மீசை, தொப்பி அவருடைய தொப்பியேதான். அவர் கண்ணை மூடியது எழுபத்தாறு வயதில். எனக்கு ஜூலையில் எழுபத்தாறு. இவ்வளவும் ஒன்றாக இருக்கிறதே, கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசுவோம் என்று எனக்குத் தோன்றியதா? தோன்றவில்லை.

“பேரு?” என்றான் வீத்தோ, பென்சிலைக் காதிலிருந்து எடுத்து.

“கத்தால்தோ பெலூஸோ.”

“பட்டப்பேரு ஏதாச்சும் உண்டா பெரியவரே? அதப் போட்டாத்தான் தெருவுல ஆளு தெரியுமாம், எம் மாமனார் சொல்லியிருக்காரு.”

“ஏழுகயிறு.”

“வயசு?”

“எழுவத்தாறு.”

“என்னிக்கு?”

“எட்டாந்தேதி. வெடியக்காலம் அஞ்சு மணி, கோயில் மணி அடிக்கிறப்போ.”

“ச்சு, ச்சு. நீங்க சொந்தமா?”

“ரத்தம்” என்றேன்.

“வேற என்ன சேக்கணும்?”

“அம்பது வருஷம். அத மறந்துராத. அதுதான் இதுல முக்கியம்.”

“அம்பது வருஷம்... கடல் வேலைதானே?”

“எங்க குடும்பத்துல வேற என்ன வேல?”

“துக்கப்படுறவங்க பேரு?”

“அக்கா பிலோமேனா. புவெனஸ் ஐரிஸ்.”

இதில் நான் சொன்ன பொய் எது, சொல்லு பார்ப்போம். ஒன்றுமில்லை. ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். அப்புறம் அரை மணி கழித்துக் கூப்பிட்டு, ஈரம் காயாத புரூஃபை என் முன்னே விரித்து, “படிச்சுப் பாத்துச் சொல்லுங்க” என்றான். அங்கேதான் மாட்டினேன்.

நான் கைநாட்டு என்று உனக்குத் தெரியும். ஏழு வயதில் தோணியில் ஏற்றிவிட்டார்கள், எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறதென்றே பார்த்ததில்லை. ஆனால் தாக்வீனோ வீதிக்கு அது தெரியாது. அந்தத் தெருவில் நான் படித்த மனுஷன். இருபத்திரண்டு வருஷமாக மிம்மோ கடையில் வாசல் மேஜை என்னுடையது, பேப்பர் என் கையில், மூக்கில் கண்ணாடி. கண்ணாடி சந்தையில் வாங்கியது, போட்டால் எனக்குக் காபிக் கோப்பைகூடச் சரியாகத் தெரியாது. காலையில் சவரக் கடையில் யாராவது பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பார்கள். எனக்கு ஒரு தடவை கேட்டால் போதும், மந்திரி பேரிலிருந்து மத்தி மீன் விலைவரை அப்படியே உள்ளே உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் அதை வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஊகோவோடு அரசியல் பேசுவேன். ‘கத்தால்தோ வரிக்கு வரி படிப்பாரு’ என்று தெருவில் பெயர். இப்பேர்ப்பட்ட நான், பிரிண்டிசியிலிருந்து வந்த ஒரு பொடியனிடம், ‘தம்பி, நீயே படி’ என்று சொல்வேனா?

கண்ணாடியைப் போட்டேன். உதட்டை அசைத்தேன். மருந்துக் கடைக்காரர் ஒரு தாள் படிக்க எவ்வளவு நேரம் எடுப்பார் என்று மனசுக்குள் வைத்திருக்கிறேன், அவ்வளவு நேரம் எடுத்தேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சும்மா ‘நல்லாயிருக்கு’ என்றால் படிக்காதவன் மாதிரி இருக்குமே என்று ஒரு இடத்தில் விரலை வைத்து, “இங்க ஒரு புள்ளி கொறையுதே?” என்றேன்.

வீத்தோ குனிந்து பார்த்தான். முகம் சிவந்துபோனது. “ஆமாங்க! எங்கண்ணுக்குத் தப்பிருச்சு பாருங்க. படிச்சவங்க கண்ணு கண்ணுதான்!” என்று சொல்லி அங்கே புள்ளி வைத்தான். அக்கா, நிஜமாகவே அங்கே ஒரு புள்ளி வேண்டியிருந்திருக்கிறது! அன்று ராத்திரி முழுக்க எனக்கு அந்தச் சந்தோஷம்தான். ஒருவேளை எனக்குப் படிப்பு தானாகவே வந்துவிட்டதோ என்றுகூட யோசித்தேன்.

அந்தப் புள்ளி எந்த வரிக்கு என்று பிறகு தெரிந்தது. ‘ஐம்பது ஆண்டுகள் கடலோடு உழைத்த கத்தால்தோ பெலூஸோ (ஏழுகயிறு), வயது 76, இம்மாதம் 8ஆம் தேதி அதிகாலையில் இறைவனடி சேர்ந்தார்’. அதன் முடிவில். மேலே தாத்தா போட்டோ. கீழே, ‘ஆற்றொணாத் துயரத்தில்: சகோதரி பிலோமேனா.’

ஞாயிறிலிருந்து சளி, மிம்மோ கடைப்பக்கம் நான் தலைகாட்டவில்லை. புதன்கிழமை சாயங்காலம் பெட்டியிலிருந்து கறுப்பு சூட்டை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, தாத்தா தொப்பியை வைத்துக்கொண்டு, தாத்தாவுக்கு என்ன மரியாதை கிடைக்கிறதென்று பார்க்கப் புறப்பட்டேன். நல்ல கூட்டம். கப்பலுக்கு வழிவிடத் திறக்கிற சுழல் பாலத்துப் பக்கமிருந்து பூங்காவரைக்கும் ஒரே தலை. தோள்மேல் கை, கைக்குள் கை, பெண்பிள்ளைகள் நாலு நாலு பேராக, கடற்படைப் பையன்கள் வெள்ளைச் சட்டையில், பூசணி விதைக்காரன் கூவுகிறான், காலுக்கடியில் விதைத்தோல் நொறுங்குகிறது. பூசணி விதைக்காரன் என்னைப் பார்த்தான். கூவியது பாதியில் நின்றது. ஒரு பொட்டலம் விதையை என் கையில் திணித்துவிட்டு, காசு வாங்காமல், சிலுவை போட்டுக்கொண்டான். தாத்தாவுக்கு இவ்வளவு மரியாதையா! நெஞ்சு விம்மியது. இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும், துர்ச்சகுனம் கழியத் தொடுவதுபோல, விளக்குக் கம்பத்து இரும்பைத் தொட்டார்கள். அதையும் மரியாதையில்தான் சேர்த்தேன்.

பலகை முன்னால் முப்பது பேர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். புகையிலைக் கடைக்காரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு விசும்புகிறாள். தாத்தா சாகும்போது இவள் பிறக்கவே இல்லை! பின்னால் நின்று தொப்பியைக் கழற்றினேன். அங்கே முன்வரிசையில் ஊகோ, மூக்கைச் சிந்திச் சிந்திப் பேசிக்கொண்டிருக்கிறான்.

“கழுதப் பிடிவாதக்காரன். ஒரு நாளாவது, ‘ஊகோ, நீ சொல்றது சரி’ன்னு சொன்னானா? ஆனா இனிமே நான் யாரோட சண்ட போடுவேன்? பேப்பர்ல வந்தத அவன மாதிரி யாரு பிரிச்சு மேய்வா?”

தாத்தா எப்போது பேப்பரை மேய்ந்தார்? எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியது. ஊகோவின் தோளைத் தொட்டேன்.

“யாரடா சொல்ற?”

“உன்னத்தான், வேற யார?” என்று திரும்பாமலே சொன்னான். அப்புறம் திரும்பினான்.

அவன் போட்ட சத்தத்துக்கு சுழல் பாலம் தானாகத் திறந்திருக்கவேண்டும். முப்பது பேரும் திரும்பினார்கள். புகையிலைக் கடைக்காரி கீழே சாய்ந்தாள், கடற்படைப் பையன் ஒருவன் தாங்கிப் பிடித்தான், அவள் கண்ணைத் திறந்து பையனைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, நம் பழைய வீட்டு மாடியில் இருந்தாளே நுன்ஸியாத்தா, அவள் வந்து என் கோட்டைப் பிடித்தாள். நம் ஊர் லாட்டரிக் கணக்கில் செத்தவன் வந்தால் நாற்பத்தேழு, செத்தவன் வாயைத் திறந்து பேசினால் நாற்பத்தெட்டு, நீ மறந்திருக்க மாட்டாய்.

“கத்தால்தோ, எஞ் சாமி, லாட்டரிக் கடைய மூடப் போறான். பேசுவியா, பேசமாட்டியா? நாப்பத்தேழா, நாப்பத்தெட்டா? சட்டுனு சொல்லு!”

“வீட்டுக்குப் போ கெழவி” என்றேன்.

“பேசிட்டான்! நாப்பத்தெட்டு!”

அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் தாக்வீனோ வீதி காலி. கைத்தடியோடு நடக்கிறவர்கள் கைத்தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். மூர்ச்சையாகிக் கிடந்த புகையிலைக் கடைக்காரியும் எழுந்து ஓடினாள். பலகைக்குக் கீழே நான், ஊகோ, மிம்மோ மூன்று பேர் மட்டும். மிம்மோதான் நோட்டீஸைத் தலையிலிருந்து கால்வரை சத்தமாகப் படித்தான். என் சாவை நான் காதால் கேட்டேன் அக்கா. நன்றாகத்தான் எழுதியிருந்தான்.

சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டம் திரும்பி வந்தது. பயம் போய், இப்போது கோபம் வந்திருந்தது. “யாரு போட்டது? அந்தப் பிரிண்டிசிக்காரனா? எங்க ஊரு ஆள உசுரோட பொதைக்கப் பாக்குறானா?” வீத்தோவைக் கடையிலிருந்து கூட்டி வந்தார்கள், கை முழுக்க மை, பின்னால் அவன் மனைவி லூச்சியா. அவன் என்னைப் பார்த்தான், நோட்டீஸைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். “நீங்கதானா அது?” என்றான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து புரூஃபை எடுத்து எல்லாருக்கும் காட்டினான். “இவரு படிச்சாரு! கண்ணாடி போட்டு வரிக்கு வரி படிச்சாரு! ஒரு புள்ளிகூடத் திருத்துனாரு, இதோ!”

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை எப்படிச் சொல்வேன். என் வாசல் மேஜை, பேப்பர், இருபத்திரண்டு வருஷ மானம், எல்லாம் ஒரு வார்த்தையில் இருந்தது. அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. “வெளிச்சம் பத்தல” என்றேன்.

“கேட்டியா! வயசானவரு கண்ணு. நீதானடா பாத்துப் போடணும்!” என்று அவன்மேல் பாய்ந்தார்கள். நான் மெல்ல நழுவினேன். (இங்கே வீத்தோ சொல்வது: நழுவவில்லை, ஓடினார்.)

வீட்டுக்குப் போனால் மாடிப்படி முழுக்கப் பாத்திரம். சாவு வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவருகிற வழக்கத்தை நம் ஆட்கள் இன்னும் விடவில்லை. நான் தனியாள், செத்தவனும் நான், துக்கப்படுகிறவனும் நான், ஆக எல்லாம் எனக்கே. அடுப்பில் வைத்துச் சுட்ட மக்ரோனி, மிளகு போட்ட சிப்பி, கத்தரிக்காய் அடுக்கு. வெட்கத்தில் இருக்கிறவனுக்குப் பசிக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதே. எதிர்வீட்டுத் தெரேசா இடுப்பில் கை வைத்து வாசலில் வந்து நின்றாள்.

“சாகலையாமே?”

“இல்ல.”

“அப்போ எந் தட்டத் திருப்பிக் குடுங்க.”

“பாதி சாப்ட்டாச்சே.”

“பாதி செத்ததுக்குப் பாதி போதும். மீதி எம் பிள்ளைங்களுக்கு.”

எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் சிரிக்கும்படியாக இல்லை. தேவாலய சபைக்காரர்கள் காலண்டர் வேலையை வீத்தோவிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து பத்திரிகையை வேண்டாம் என்றாளாம். ‘இவன் சாவு நோட்டீஸ் போட்டா செத்தவன் எந்திரிச்சு வர்றான், கல்யாணப் பத்திரிகை போட்டா மாப்பிள்ள எந்திரிச்சு ஓடிருவான்’ என்று நியாயம் பேசினாளாம். கடைக் கதவு பாதிக்கு இறங்கிவிட்டது. இதெல்லாம் காதில் விழுந்தும் நான் அசையவில்லை, காலம் ஆற்றிவிடும் என்று இருந்தேன். என்னை அசைத்தது லூச்சியா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல பச்சைக் கவுன் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, உலாத்த வந்தாள். பாலத்திலிருந்து பூங்காவரை போனாள், திரும்பி வந்தாள். நான் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம் தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தால் நாற்பது பேராவது தலையசைப்பார்கள், கடன்காரனுக்குக்கூட முப்பது உண்டு. அவளுக்கு ஒன்றுமில்லை. செத்த எனக்குத் தெருவே அழுதது, உயிரோடிருக்கிற அவளை யாரும் பார்க்கவில்லை. என் கையில் பேப்பர் இருந்தது. சொன்னால் என் மானம் போகும், சொல்லாவிட்டால் அவர்கள் பிழைப்பு போகும். அவள் என் மேஜையைத் தாண்டும்போது நான் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன். அக்கா, அதை உனக்கு மறைக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

நேற்று, சனிக்கிழமை, பகல் முழுக்கச் சாப்பிடவில்லை. சாயங்காலம் கூட்டம் நிரம்புகிற நேரம் பார்த்து, பாதிக் கதவுக்குக் கீழே குனிந்து அச்சகத்துக்குள் போனேன். வீத்தோ நிமிர்ந்து பார்த்தான்.

“வாங்க பெரியவரே. மறுபடி எந்தப் புள்ளி விட்டுப்போச்சு?”

“கோட்டப் போட்டுட்டு வா. கையக் குடு.”

அவன் வரமாட்டேன் என்றான், லூச்சியா அவன் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். பாலத்து முனையிலிருந்து அவன் கையை என் கக்கத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன், தெரு நடுவில், மெதுவாக, எல்லாரும் பார்க்கட்டும் என்று. செத்தவனும் கொன்றவனும் கைகோத்து நடந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? பின்னாலேயே ஒரு ஊர்வலம் சேர்ந்துவிட்டது. மிம்மோ கடை வாசலுக்கு வந்தேன். என் மேஜையிலிருந்த பேப்பரை எடுத்து விரித்தேன்.

“எல்லாரும் கேளுங்க. இதுல என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. நேத்து போட்டதும் தெரியாது. இருவத்திரண்டு வருஷமா எதுவும் தெரியாது. எனக்கு ஒரு எழுத்து தெரியாது. இந்தப் பையன் புரூஃப நீட்டுனான், நான் படிக்கிற மாதிரி பாசாங்கு பண்ணுனேன். தப்பு அவன்மேல இல்ல. என்னக் கொன்னது நாந்தான்.”

பூசணி விதை கொறிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. அப்போது மிம்மோ கையில் காபித் தட்டோடு வெளியே வந்து, ரொம்பச் சாதாரணமாக, “பேப்பரத் தலகீழாப் பிடிச்சிருக்கீங்கண்ணே” என்றான்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாள்லேருந்து. தெனமும் காபி வெக்கிறப்போ நாந்தானே அத நேராத் திருப்பி வெப்பேன்? இன்னிக்கு நீங்க காபிக்கு உக்காராமலே எடுத்துட்டீங்க, திருப்ப முடியல.”

சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை, பூங்காவரை போய்த் திரும்பி வந்தது. சிரிக்காத ஒரே ஆள் ஊகோ. முகம் தக்காளி மாதிரி. என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான்.

“இருவத்திரண்டு வருஷமாடா! ‘பேப்பர்ல அப்படிப் போடல, நீ சரியாப் படி’ன்னு எங்கிட்ட மல்லுக்கட்டுனியேடா! வீட்டுக்குப் போய் நான் மறுபடி மறுபடி படிச்சுப் பாத்தேனேடா!”

“பாத்தியே, யாரு சொன்னது சரி?”

அவன் காலரை விட்டான். “நீ சொன்னதுதான்” என்றான். “அதுதாண்டா எரியுது.”

கூட்டத்துக்குள்ளிருந்து நுன்ஸியாத்தா கையைத் தூக்கி, “எனக்கும் எழுத்து தெரியாதுப்பா, நம்பரு மட்டுந்தான்” என்றாள். புகையிலைக் கடைக்காரியின் புருஷன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தானும் பெயர்ப்பலகையை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பதாகச் சொன்னான். அவன் மனைவிக்கே அது புதுச் செய்தி. இன்னும் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள், பேரைச் சொல்ல மாட்டேன், அதில் ஒருவர் நகரசபையில் இருக்கிறார். கல்யாணப் பெண்ணின் அம்மா வீத்தோவிடம் நேராகப் போய், “திங்கக்கெழம வர்றேன், பத்திரிகைய முடிச்சு வை. ஆனா மாப்பிள்ள வீட்டாருக்கு நீயே படிச்சுக் காட்டணும்” என்றாள். அதற்கப்புறம்தான் நான் பார்க்க விரும்பியது நடந்தது. ஒருவர், யாரோ வயதானவர், லூச்சியாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். அடுத்தவரும் தொட்டார். அவள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனாள். நான் எண்ணினேன், ஐம்பத்தாறு. நம் தாரந்தோவில் பிரிண்டிசிக்காரன் பெண்டாட்டிக்கு ஐம்பத்தாறு வணக்கம் விழுந்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆக, அக்கா, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நான் உயிரோடிருக்கிறேன், வீத்தோ பிழைத்தான், வாசல் மேஜை என்னுடையதாகவே இருக்கிறது. ஊகோ இனிமேல் பேப்பரைச் சத்தமாகப் படிக்க ஒத்துக்கொண்டிருக்கிறான், தப்பாகப் படித்தால் தெரிந்துவிடும் என்று எச்சரித்திருக்கிறேன். நீ கேட்ட தாத்தா நோட்டீஸைப் புதிதாக, காசு வாங்காமல் வீத்தோவே அடித்துவிட்டான், இப்போது ஒட்டப் போகிறார்கள். இந்தத் தடவை வெட்கப்படாமல் மூன்று முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ‘ஐம்பதாம் ஆண்டு நினைவஞ்சலி’ என்று தெளிவாக இருக்கிறது. ஒரு தவறும் இல்லை. இனி யாரும் சாகப்போவதில்லை.

கிளாராவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எனக்காக ஜெபம் சொல்ல ஆரம்பித்திருந்தால் நிறுத்தவேண்டாம், வீணாகாது. நம் காவலர் புனித கத்தால்தோ உன் முழங்கால் வலியைப் பார்த்துக்கொள்ளட்டும், உன் மேஜையில் ரொட்டியும் உன் வாசலில் வெயிலும் குறையாதிருக்கட்டும் என்று, கன்னத்துக்கு இரண்டாக நாலு முத்தத்தோடு,

உன் உயிருள்ள தம்பி
கத்தால்தோ

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. நீ செத்துவிட்டாய். உறையை ஒட்டுவதற்குள் நடந்துவிட்டது. வீத்தோமேல் குற்றமில்லை, படித்ததெல்லாம் சரியாகத்தான் படித்தான். ஆனால் எழுத்து எவ்வளவு பெரிசு என்பது காதில் விழாதே! நோட்டீஸ் உன் ஏற்பாடாயிற்றே, உனக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று, ‘அக்கா பேர எவ்வளவு பெருசா போட முடியுமோ அவ்வளவு பெருசா போடு’ என்று நான்தான் சொன்னேன். சர்க்கஸ் விளம்பரத்துக்கு வைத்திருந்த எழுத்தை எடுத்துப் போட்டிருக்கிறான். தாத்தா கீழே பயறு அளவில் இருக்கிறார். உலாத்துகிற ஜனம் நின்றா படிக்கும்? கறுப்புக் கரை, நடுவில் பிலோமேனா பெலூஸோ, அவ்வளவுதான் கண்ணில் பட்டது. இரண்டாவது சுற்றுக்குள் தெரு முழுக்க அழுகை. எனக்கு வந்ததைவிட உனக்குக் கூட்டம் அதிகம், அதில் எனக்கு வருத்தமில்லை.

இன்னொன்று. நீ கப்பல் ஏறிய வருஷம் உன்னைப் பெண் கேட்டு வந்து அப்பாவிடம் திட்டு வாங்கிப் போனாரே, கயிறு திரிக்கிற ரொக்கோ, அவர் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்தார். கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை, தெரியுமா? அழவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கடைசிவரைக்கும் அவ என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?” நீ உயிரோடிருக்கிறாய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும், “கேட்டுச் சொல்றேன்” என்று வந்துவிட்டது. மனுஷன் அப்படியே நிற்கிறார். வீத்தோ கடை ஜன்னல் வழியே தெரிகிறது, எதிர்வரிசையில், இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். மச்சான் போயும் ஒன்பது வருஷமாகிறது, நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு என்ன பதில் சொல்லட்டும்? சீக்கிரம் எழுதச் சொல்லு.